சக்கரம் வைத்த வீட்டுக்கு ஜாமீன்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சக்கரம் வைத்த வீட்டை வாங்கிப் பார் என்று சேர்க்காமல் விட்டது அவர்கள் குற்றமல்ல. அவர்கள் காலத்தில் அப்படி ஒன்று இல்லை!

அமெரிக்காவில் அதற்கு மோட்டார்ஹோம் என்று பெயர். சமையலறை, படுக்கை, குளியலறை எல்லாம் ஒரே வண்டிக்குள். நாங்கள் ஒஹையோவில் குடியேறி முப்பது வருஷமாகிறது. இவர் ஓய்வு பெற்ற கையோடு இருதயத்தில் ஓர் அறுவைச் சிகிச்சையும் ஆயிற்று. எழுந்து நடமாடத் தொடங்கியதும், "எல்லோஸ்டோனைப் பார்த்துவிட வேண்டும். இன்னும் எத்தனை வருஷம் நான் வண்டி ஓட்டப் போகிறேன்?" என்றார். மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஏழு வருஷம் ஓடிய வண்டி ஒன்று அகப்பட்டது. விலை 58,000 டாலர். கையெழுத்துப் போடும் சமயத்தில் விற்பனைக்காரர் இன்னொரு காகிதத்தை மெள்ள நகர்த்தினார். ஐந்து வருஷத்துக்கு நீடித்த வாரண்டி, 6,800 டாலர். "இன்று போட்டால்தான் இந்த விலை" என்றார்.

இவரோ வெயிலில்கூடக் குடையில்லாமல் வெளியே போகாதவர். "நடுக் காட்டில் என்ஜின் நின்றுவிட்டால்?" என்று என் காதோடு சொல்லிப் பேனாவையும் எடுத்துவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பிறகு சேமிப்பில் மிச்சம் எவ்வளவு என்பது கணக்கு எழுதும் எனக்கல்லவா தெரியும்? "நகல் கொடுங்கள். படித்துவிட்டு நாளை வருகிறோம்" என்று இவரை எழுப்பி அழைத்துக்கொண்டு வந்தேன்.

அன்றிரவு இருவரும் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். முதலில் வாரண்டி என்ற பெயரே சரியில்லை. பொருளின் விலையோடு சேர்ந்து வருவதுதான் வாரண்டி. தனிப் பணம் கொடுத்து வாங்குவது சேவை ஒப்பந்தம். 1975-ஆம் வருஷத்து அமெரிக்கச் சட்டம் ஒன்று இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது.

மோட்டார்ஹோம் ஒரு கை செய்த பொருளும் அல்ல. என்ஜினும் அடிச்சட்டமும் ஒரு கம்பெனி. மேலே வீடு கட்டுவது இன்னொரு கம்பெனி. அடுப்பு, ரெஃப்ரிஜிரேட்டர், ஜெனரேட்டர் வேறு வேறு இடம். போதாததற்கு, ஓடும்போதெல்லாம் அந்த வீட்டுக்குள் பூகம்பம்! பழுது வரத்தான் செய்யும். எந்தப் பழுதுக்குப் பணம் தருவார்கள் என்பதே கேள்வி.

ஒப்பந்தங்களில் இரண்டு ரகம். இன்னின்ன பாகத்துக்குத் தருவோம் என்று பட்டியல் போடுவது ஒன்று. இவை நீங்கலாக எல்லாவற்றுக்கும் தருவோம் என்பது மற்றொன்று. அதற்கு விலை அதிகம். எங்களுக்கு நீட்டியது முதல் ரகம்.

என்ஜின், கியர் என்று படிக்கப் படிக்க இவர் முகம் மலர்ந்தது. நான் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தேன். தேய்மானத்துக்கு இல்லை. முன்பே இருந்த பழுதுக்கு இல்லை. பராமரிப்பு ரசீது காட்டாவிட்டால் இல்லை. தண்ணீர் ஒழுகி வரும் சேதத்துக்கு இல்லை. ஒவ்வொரு தடவையும் முதல் 200 டாலர் நம் தலையில்.

பழைய மோட்டார்ஹோமுக்கு எமன் பெரும்பாலும் கூரையில்தான் இருக்கிறான். இணைப்புகளில் பூசிய பசை வெடித்துத் தண்ணீர் இறங்கினால், சுவருக்குள் மரம் உளுத்துப்போவது வெளியே தெரியாது. அதற்குத்தான் ஒப்பந்தத்தில் இடமில்லை!

"அப்படியானால் வேண்டாம் என்கிறாயா?"

"நாளைக்கே என்ஜின் போனால் நம்மால் கொடுக்க முடியுமா? அதைச் சொல்லுங்கள்."

வெகுநேரம் யோசித்தார். "முடியும். ஆனால் அடுத்த வருஷம் ஊருக்குப் போக முடியாது. வயிற்றெரிச்சலோடுதான் கொடுப்பேன்."

"வயிற்றெரிச்சலைத் தவிர்க்க 6,800 டாலர் அதிகம்" என்றேன்.

கொடுக்கவே முடியாத நிலையிலிருப்பவர்கள் கதை வேறு. அவர்கள் இரண்டாவது ரகத்தை, விலை பேசி, பணம் தரப் பொறுப்பேற்பவர் யார் என்று விசாரித்து வாங்குவதே விவேகம்.

மறுநாள் வேண்டாம் என்றதும், "இன்று மட்டும்" விலை 5,500-க்கு இறங்கிவிட்டது. இவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. 900 டாலர் கொடுத்து, எந்தக் கடைக்கும் வேண்டாதவரான ஒரு பரிசோதகரை அமர்த்தினோம். அவர் கூரைமேல் ஏறிப் பார்த்து, ஈரம் காட்டும் கருவியைச் சுவர்களில் வைத்து, படுக்கைக்கு மேலே ஒழுக்கைக் கண்டுபிடித்தார். அதைச் சரிசெய்து கொடுத்த பிறகே கையெழுத்துப் போட்டோம். மீதி 5,900 டாலரும் பாங்கியில் தனிக் கணக்காயிற்று. அதற்கு 'வண்டி உண்டியல்' என்று பெயர்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? முதல் பிரயாணத்திலேயே ரெஃப்ரிஜிரேட்டர் போயிற்று. அது எரிவாயுச் சூட்டில் அம்மோனியாவைச் சுழலவிட்டுக் குளிரூட்டும் வகை. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். நாங்கள் சரிவில் நிறுத்தித் தூங்கிவிட்டோம். 1,700 டாலர் போயிற்று. ஒப்பந்தப் பட்டியலில் ரெஃப்ரிஜிரேட்டர் இருந்ததை நான் மறைக்கப் போவதில்லை; உங்கள் தவறு என்று அவர்கள் தள்ளியும் இருக்கலாம். இவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான்.

கடைசியில் எல்லோஸ்டோனில், ஓல்ட் ஃபெய்த்ஃபுல் வெந்நீர் ஊற்றின் முன்னால் உட்கார்ந்தோம். அது பீறிடும் நேரத்தை, பத்து நிமிஷம் முன்னே பின்னே என்று சொல்லித்தான் அறிவிக்கிறார்கள்.

"இதற்கும் ஜாமீன் இல்லை, பார்!" என்றார் இவர்.

சொல்லி வாய் மூடுவதற்குள் அது வானளாவ எழுந்தது. இவர் கையில் குடை இருந்தது, விரிக்க மறந்துவிட்டார்.