முதுகு காட்டிப் போகும் படகு

சென்னையில் 'போட் கிளப்' என்றால் பலருக்குப் படகு ஞாபகம் வருவதே இல்லை. பெரிய மனிதர்களின் பங்களாக்கள்தான் ஞாபகம் வரும். ஆனால் அங்கே அடையாற்றங்கரையில் நிஜமாகவே படகுகள் உண்டு. வெள்ளைக்காரர்கள் 1867-ல் ஆரம்பித்த மெட்ராஸ் போட் கிளப் அது. விடியற்காலையில் ஆற்றுப் பக்கம் போய்ப் பாருங்கள், ஊசி போல் நீண்ட படகுகள் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். ஒற்றை ஆள் படகின் நீளம் சுமார் 8 மீட்டர். எடையோ 14 கிலோதான். மளிகைக் கடையில் வாங்கும் அரிசிச் சிப்பம் அதைவிடக் கனம்!

இந்தப் படகில் துடுப்புப் போடுகிறவர் போகிற திசைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காருகிறார். உட்காரும் பலகைக்குச் சக்கரம் உண்டு. முன்னும் பின்னும் உருளும். பலமெல்லாம் கையில் என்றுதானே நினைப்போம்? காலில் இருக்கிறது சூட்சுமம். முதலில் காலால் உந்தி, பிறகு உடம்பைச் சாய்த்து, கடைசியில்தான் கைக்கு வேலை. நால்வர் படகில் ஒருத்தி அரைக் கணம் பிந்தினாலும் படகு தள்ளாடும்.

இதையெல்லாம் படம் பிடித்து உடுமலைப்பேட்டைக்கு அனுப்பி வைத்தேன். வந்தது வினை.

"சித்தி, லீவுக்கு வந்தா எனக்கும் கத்துத் தருவாங்களா?" என்று கேட்டாள் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் அக்கா மகள்.

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "ஏன் கண்ணு, ஆத்துல எறக்கி விடறதுக்கா பொட்டப் புள்ளைய உங்கிட்ட அனுப்பறது?"

அவள் பயத்தைப் பார்த்துச் சிரிக்க என்னால் முடியாது. கிணறோ வாய்க்காலோ விழுங்கிய குழந்தையின் கதை எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒன்று சொல்வார்கள்.

பயம் ஒரு பக்கம். பணம் இன்னொரு பக்கம். நல்ல படகு லட்சக்கணக்கில் விலையாகும். எந்தப் பள்ளிக்கூடம் வாங்கும்? பள்ளிக்கூடம் பிள்ளைகளைக் கொடுக்க, கிளப் படகையும் வாத்தியாரையும் கொடுத்தால்தான் காரியம் நடக்கும். கொழும்பில் நடந்திருக்கிறது. ஊருக்கு நடுவே பேரே வாவி. 1864-ல் பிறந்த கொழும்பு ரோயிங் கிளப் அந்த ஊருடையது. கிரிக்கெட்டில் ஜன்மப் பகைவர்களான ராயல் கல்லூரியும் புனித தோமஸ் கல்லூரியும் 1962-லிருந்து அந்த வாவியில் படகுப் போட்டி நடத்துகின்றன. ஜெயிக்கும் பள்ளிக்குக் கிடைப்பது முருகேசர் கோப்பை. பெயரைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பெண்களை இந்த விளையாட்டு வெகு காலம் கரையிலேயே நிறுத்தி வைத்தது. ஒலிம்பிக்கில் ஆண்கள் 1900-லேயே துடுப்புப் போட்டார்கள். பெண்களுக்கு 1976 வரை இடமில்லை. 2010-ல் குவாங்சூ ஆசியப் போட்டியில் ஒடிசாவின் பிரதிமா புஹானாவும் பிரமிளா மின்ஸும் இருவர் படகில் வெண்கலம் வென்றார்கள். இதை அக்காவிடம் சொன்னேன். "அவங்களுக்கு நீச்சல் தெரிஞ்சிருக்கும்" என்றாள். நியாயமான பேச்சு! நீந்தத் தெரியாத பிள்ளையைப் படகில் ஏற்றக் கூடாது என்பது இந்த விளையாட்டின் முதல் பாடம்.

"நம்மூரு டேம்லயே ஓட்டலாமே, சித்தி?" என்றாள் பெண். திருமூர்த்தி அணையும் அமராவதி அணையும் பக்கத்தில்தான். ஆனால் இரண்டும் பாசனத்துக்காகக் கட்டியவை. திறந்து விட்டால் தண்ணீர் இறங்கிக்கொண்டே போகும். அமராவதியில் முதலைகள் வேறு குடியிருக்கின்றன. முதுகு காட்டிப் படகு விட ஏற்ற இடமா அது? தண்ணீர் மட்டும் இருந்து பயனில்லை. இறங்கத் துறை வேண்டும், கூடவே ஒரு காவல் படகு வேண்டும், கற்றுக் கொடுக்க ஆள் வேண்டும். அவற்றை யாராவது கொண்டு வருகிற வரையில் எங்கள் ஊர்ப் பிள்ளை ரயில் ஏறித்தான் ஆக வேண்டும்.

இப்போதைக்கு மாமா தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் நடக்கிறது. எங்கள் காலத்தில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டுவார்கள்; இவளுக்குப் பிளாஸ்டிக் கேன். போன வாரம் கேனைக் கழற்றிவிட்டு மூன்று தரம் குறுக்கே நீந்திவிட்டாளாம். அக்கா மேலே கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம்.

"பாலக்காடு எக்ஸ்பிரஸுக்கு டிக்கெட் எடுக்கட்டுமா?" என்று நேற்றுக் கேட்டேன்.

"பரீட்சை முடியட்டும்" என்றாள் அக்கா. மாட்டேன் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா?