மணம் முடித்தாலும் மாறாத மண்ணுரிமை

சாவோ பிரயா ஆற்றின் கீழ்க்கரையில், பாங்காக் மாநகரின் பாங் ரக் வட்டத்தில் சீலோம் சாலை நீண்டு கிடக்கிறது. மாணிக்கமும் நீலக்கல்லும் சிறு காகித மடிப்புகளில் பொதியப்பெற்றுக் கைமாறும் வீதி அது. ஒருபுறம் வானளாவி நிற்கும் நகை வாணிக மையம். சற்றுத் தள்ளி மாரியம்மன் கோயில் கோபுரம். 20 ஆம் சந்துக்குள் நுழைந்தால் தமிழ் முஸ்லிம்களின் மீராசுத்தீன் பள்ளிவாசல். ஜும்ஆ தொழுகை முடிந்து வெளியே வருவோர் பேச்சில் கீழக்கரைத் தமிழும் காயல்பட்டினத் தமிழும் தாய்லாந்து மொழியும் ஒன்றோடொன்று கலந்து ஒலிக்கக் கேட்கலாம்.

கல் வாணிகம் தேடி இவ்வூருக்கு வந்த நம்மவர்களுள் சிலர் இங்கேயே மணவாழ்வும் அமைத்துக்கொண்டனர். அவ்வாறு அமைந்த இல்லங்களில் தலைமுறைதோறும் எழும் வினா ஒன்று உண்டு. வேற்று நாட்டவரை மணந்த தாய்லாந்துப் பெண் எந்த நாட்டுக்குரியவள்? கணவரின் நாட்டுக் குடியுரிமையை அவள் நாடினால் பிறந்த மண்ணின் உரிமை என்னவாகும்? இவ்வினாவிற்கு விடை தேடிச் செல்பவர், நகரின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கும், அங்கிருந்து தென்கோடி எல்லைக்கும் பயணம் செய்ய நேரும்.

பள்ளிவாசலிலிருந்து வட்ட அலுவலகத்திற்கு

பள்ளிவாசலில் இமாம் முன்னிலையில், வலியும் சாட்சிகளும் கூடியிருக்க, மஹர் பேசி நிகாஹ் நிறைவேறுகிறது. மார்க்கத்தின்படி அது முழுமையான திருமணம். ஆனால் தாய்லாந்தின் குடியியல் சட்டமோ, வட்ட அலுவலகத்தில் பதிவு செய்யப்பெற்ற திருமணத்தையே திருமணமென ஏற்கிறது. பத்தானி, யாலா, நராத்திவாத், சாத்தூன் ஆகிய தென்மாநிலங்கள் நான்கிலும் நிலை சற்று வேறு. 1946 ஆம் ஆண்டின் சட்டப்படி, அங்கு முஸ்லிம்களுக்கிடையே எழும் குடும்ப வழக்குகளிலும் வாரிசுரிமை வழக்குகளிலும் இஸ்லாமியச் சட்டமே செல்லும். அதை எடுத்துரைக்க நீதிமன்றங்களில் முஸ்லிம் நீதிபதிகளும் அமர்த்தப்பெற்றுள்ளனர். பாங்காக்கில் இவ்வசதி இல்லை.

பாங் ரக் வட்ட அலுவலகம் நாடறிந்த இடம். ‘ரக்’ என்னும் சொல்லுக்குத் தாய்லாந்து மொழியில் அன்பு என்பது பொருள். அப்பெயர் ராசிக்காகவே ஒவ்வோர் ஆண்டும் பிப்ரவரி 14 ஆம் நாள் நூற்றுக்கணக்கான இணைகள் திருமணப் பதிவிற்காக இங்குக் கூடுகின்றனர். மணமகன் வேற்று நாட்டவராயின், தாம் மணம் செய்யத் தடையற்றவர் என்று தம் தூதரகத்தில் சான்று பெற்று, அதைத் தாய்லாந்து மொழியில் பெயர்த்து, செங் வத்தனா சாலையிலுள்ள தூதரக அலுவல்துறையில் முத்திரை பெற்று வரவேண்டும். ஏற்கெனவே ஒரு மணம் நிலைத்திருக்க, மற்றொன்றைப் பதிவு செய்ய இந்நாட்டுச் சட்டம் இடம் தராது. ஊரில் ஒரு குடும்பம் இருப்பதை மறைத்து இங்கொரு நிகாஹ் செய்வோரால், அந்தப் பெண்ணுக்கு மனைவி என்னும் சட்டப்பெயர் கூடக் கிட்டாமற் போகிறது என்பதைப் பெண் வீட்டார் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சட்டம் நடந்து வந்த பாதை

பதிவேட்டில் கையொப்பமிட்ட மறுகணம் அப்பெண் அயல்நாட்டினள் ஆகிவிடுவாளோ என்று அஞ்சும் பெற்றோர் இன்றும் உளர். இவ்வச்சம் காரணமின்றிப் பிறந்ததன்று. சயாம் என இந்நாடு வழங்கப்பெற்ற காலத்தில், 1913 ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற முதற் குடியுரிமைச் சட்டம், அயல்நாட்டாரை மணந்து அவர் நாட்டுக் குடியுரிமையைப் பெறும் பெண் தன் சயாமியக் குடியுரிமையை இழப்பாள் என்றே விதித்திருந்தது. அக்காலத்தில் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் இதுவே நடைமுறை. பெண் கணவனின் நிழல் என்று கருதிய காலம் அது.

இன்று நடைமுறையிலிருப்பது 1965 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம். அதன் 13 ஆம் பிரிவு கூறுவதன் சாரம் இது: அயல்நாட்டவரை மணந்து, அவர் நாட்டுச் சட்டப்படி அந்நாட்டுக் குடியுரிமையைப் பெறத்தக்க நிலையில் உள்ளவர், தம் தாய்லாந்துக் குடியுரிமையைத் துறக்க விரும்பினால், உரிய அலுவலர் முன் அவ்விருப்பத்தை அறிவிக்கலாம். ‘விரும்பினால்’ என்ற அந்த ஒரு சொல்லில்தான் பொருள் முழுதும் அடங்கியுள்ளது. மணம் தானாக எதையும் பறிப்பதில்லை. அவள் தானே துறந்தாலன்றிப் பிரிவு 13 அவளைத் தொடாது. முதலில் பெண்ணைப் பற்றி மட்டுமே பேசிய இப்பிரிவு, 2008 ஆம் ஆண்டின் திருத்தத்தால் ஆணுக்கும் உரியதாயிற்று.

ஆயினும் அதே சட்டத்தின் 22 ஆம் பிரிவையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். அயல்நாட்டுக் குடியுரிமையை விண்ணப்பித்துப் பெற்றவர் தாய்லாந்துக் குடியுரிமையை இழப்பார் என்று அது கூறுகிறது. அவ்விழப்பு அரசிதழில் வெளியிடப்பெற்ற பின்னரே செயலுக்கு வரும் என்பது 5 ஆம் பிரிவு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வெளியிலேதான், மணத்தின் வழியாக ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் குடியுரிமை பெற்ற தாய்லாந்துப் பெண்கள் பலர் இரு கடவுச்சீட்டுகளுடன் வாழ்ந்து வருகின்றனர். எனவே, ‘மணம் முடித்தவருக்கு ஆபத்தே இல்லை’ என்று முழங்குவதும் தவறு. ‘எல்லாம் போய்விடும்’ என்று அச்சுறுத்துவதும் தவறு.

பிள்ளைகளின் நிலையும் காலப்போக்கில் மாறியது. 1992 ஆம் ஆண்டுக்கு முன்னர், அயல்நாட்டுக் கணவரைச் சட்டப்படி மணந்த தாய்லாந்துப் பெண் அயல்நாட்டில் ஈன்ற குழந்தைக்குத் தாய்வழிக் குடியுரிமை கிடையாது. அவ்வாண்டின் திருத்தத்திற்குப் பின், தந்தை தாய் இருவருள் ஒருவர் தாய்லாந்துக் குடிமகராயிருப்பின், குழந்தை எங்குப் பிறந்தாலும் அந்நாட்டுக்குரியதே.

நிலத்தின் கதை

குடியுரிமை என்பது கடவுச்சீட்டின் நிறம் மட்டுமன்று. ஏழு வயது நிரம்பியது முதல் கையில் வைத்திருக்கும் அடையாள அட்டையும், ‘தபியன் பான்’ எனப்படும் நீலநிற வீட்டுப் பதிவேட்டில் இடம்பெற்ற பெயரும், தாய் தந்தையர் விட்டுச் சென்ற நிலமும் அதனுள் அடங்கும். தாய்லாந்தில் அயல்நாட்டவர் நிலம் வாங்குதல் அரிது. அயல்நாட்டவரை மணந்த தாய்லாந்துப் பெண்ணுக்கும் நெடுங்காலம் நிலப்பதிவு மறுக்கப்பெற்று வந்தது. 1999 ஆம் ஆண்டு இத்தடை தளர்ந்தது. நிலம் வாங்கும் பணம் மனைவியின் தனிச் சொத்து என்று கணவனும் மனைவியும் சேர்ந்து அறிவித்தால், நிலம் அவள் பெயரில் பதிவாகும்.

இவ்வுரிமையும் குடியுரிமை உள்ளவரையில்தான். அதைத் துறந்தவர், அயல்நாட்டவருக்கு அனுமதிக்கப்பெற்ற அளவுக்கு மேற்பட்ட நிலத்தை விற்றுவிட வேண்டும் என்பது நிலச் சட்டத்தின் விதி. உம்மாவின் வீட்டு மனையும், வாப்பா வைத்த ரப்பர்த் தோட்டமும் ஒரு கையொப்பத்தில் கைவிட்டுப் போகக்கூடும்.

சுக்கும்வித்தில் இந்தியத் தூதரகம்

சுக்கும்வித் சாலையின் 23 ஆம் சந்தில் இந்தியத் தூதரகம் அமைந்துள்ளது. நம்மூர் மாப்பிள்ளையை மணந்த பெண்ணின் பயணம் இங்கு வந்து சேரும். இந்தியா தன் குடிமக்களுக்கு இரட்டைக் குடியுரிமை வழங்குவதில்லை. 1955 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டப்படி, இந்தியக் குடிமகனை மணந்தவர் இந்தியாவில் ஏழாண்டுகள் வாழ்ந்தபின் பதிவு மூலம் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கலாம். அதைப் பெறின் தாய்லாந்துக் குடியுரிமையை விட்டே ஆகவேண்டும்.

குடியுரிமையை விடாமலேயே கணவருடன் தமிழகத்தில் வாழவும் வழி உண்டு. பதிவு செய்யப்பெற்று, தொடர்ந்து இரண்டாண்டுகள் நிலைத்த திருமணமாயின், ‘ஓ.சி.ஐ.’ எனப்படும் வெளிநாட்டு இந்தியக் குடிமகன் அட்டைக்கு மனைவி விண்ணப்பிக்கலாம். பெயரில் குடிமகன் என்றிருப்பினும் அது குடியுரிமை ஆகாது. வாக்குரிமை இல்லை; விளைநிலம் வாங்க இயலாது. ஆனால் விசா வேண்டாமல் வந்து வாழலாம். மணம் முறிந்தாலோ, அவள் மறுமணம் செய்தாலோ அவ்வட்டை நீக்கப்பெறலாம். திருமணப் பதிவை அலட்சியம் செய்தவர்களுக்கு இவ்வாசல் திறவாது என்பதையும் நினைவிற் கொள்க.

பாங்காக்கில் பிறக்கும் குழந்தைக்கு இந்தியக் குடியுரிமை வேண்டுமாயின், பிறந்த ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். வேறு நாட்டுக் கடவுச்சீட்டு அக்குழந்தைக்கு இல்லை என்ற உறுதிமொழியும் தரவேண்டும். இரு நாட்டுக் குடியுரிமையும் பெற்று வளரும் பிள்ளை, வயது வந்த ஆறு மாதத்திற்குள் மற்ற நாட்டுக் குடியுரிமையைத் துறக்காவிடில், இந்தியக் குடியுரிமை அற்றுப்போகும். பதினெட்டு வயதுப் பிள்ளை தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் வேளையில் இக்கெடு வருகிறது. பெற்றோர் முன்கூட்டியே பேசி முடிவெடுத்தல் நலம்.

கோலோக் ஆற்றின் இருகரை

தெற்கே நராத்திவாத் மாநிலத்தில் சுங்கை கோலோக் என்னும் எல்லை ஊர் உள்ளது. சிற்றாறு ஒன்றே எல்லை. அக்கரையில் மலேசியாவின் கிளந்தான் மாநிலம். இருகரையிலும் ஒரே மலாய்ப் பேச்சு, ஒரே மார்க்கம், ஒரே வகைச் சோறு. கொள்வினை கொடுப்பினை தொன்றுதொட்டு நடந்துவருகிறது. ஆயினும் இக்கரைப் பெண் அக்கரைக்கு மருமகளாய்ச் சென்றால், ஆற்றைவிட ஆழமானதொரு கோட்டைக் கடக்கிறாள். மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அந்நாட்டுக் குடியுரிமையை நாடும் மனைவி, பிற நாட்டுப் பற்றனைத்தையும் துறப்பதாக உறுதிமொழி எடுக்க வேண்டும். மணவாழ்வு விரைவிலேயே முறிந்தால், அளித்த குடியுரிமையை அரசு திரும்பப் பெறவும் அந்நாட்டு அரசமைப்பில் இடமுண்டு. பழையதை விட்டுப் புதியதும் பறிபோனால் அவள் நாடற்றவளாய் நிற்பாள்.

தாய்லாந்துச் சட்டம் இங்கொரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. 13 ஆம் பிரிவின்படி குடியுரிமையைத் துறந்தவர், மணம் எக்காரணத்தால் முடிவுற்றாலும், அதை மீளப்பெற விண்ணப்பிக்கலாம் என்கிறது 23 ஆம் பிரிவு. விதவையானவளுக்கும் தலாக் பெற்றவளுக்கும் பிறந்த மண்ணுக்குத் திரும்ப இது வழி. ஆனால் விண்ணப்பித்துக் காத்திருக்கும் நிலையும், விடாமல் வைத்திருந்த நிலையும் ஒன்றாகா. ஆகவே புதிய நாட்டின் ஒப்புதல் எழுத்தில் கைக்கு வருமுன், பழைய நாட்டின் உரிமையைத் துறக்கும் தாளில் எவரும் கையொப்பமிடல் ஆகாது.

கையொப்பம் அவளுடையது

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அபூபக்ர் (ரலி) அவர்களின் மகளாகவே வரலாற்றில் அறியப்பெறுகிறார்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களின் மகளாகவே. அகிலத்தின் அருட்கொடையாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை மணந்த பின்னரும் அவர்தம் தந்தையர் பெயர் மாறவில்லை. மஹர் மனைவியின் சொத்து. அவள் இசைவின்றி அதில் கணவன் கை வைக்க இயலாது. மணத்தால் பெண் தன்னை இழப்பதில்லை என்பதை நம் மார்க்கம் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே நிலைநாட்டியது. தாய்லாந்தில், மணமான பெண் தன் குடும்பப் பெயரைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமையை 2003 ஆம் ஆண்டில் அரசமைப்பு நீதிமன்றத் தீர்ப்பு உறுதி செய்தது.

அவ்வாறாயின், குடியுரிமையை வைத்திருப்பதும் விடுவதும் அவள் எண்ணித் துணிய வேண்டிய காரியமே. கணவர் வற்புறுத்துகிறார் என்றோ, மாமியார் வீட்டில் மதிப்பு கூடும் என்றோ, தரகர் விரைவுபடுத்துகிறார் என்றோ அதை விட்டுவிடலாகாது. கணவன் வீட்டாரும் அவளுடைய நாட்டுரிமையை அவளிடமுள்ள அமானிதமாகக் கருதிக் காத்தல் வேண்டும். நாளை எது நேரினும் அவளும் அவள் பிள்ளைகளும் தலை சாய்க்க ஒரு மண் இருக்கும். இரு நாட்டு உறவுகளையும் இணைக்கும் இத்தகைய இல்லங்களில் அல்லாஹ் பரக்கத்தையும் நல்லிணக்கத்தையும் நிறைத்தருள்வானாக! ஆமீன்.