யார், யாரிடம் பாடுகிறார்?

கிதாரோடு ஊர் ஊராகப் போய், தானே எழுதி மெட்டமைத்த பாட்டைத் தானே பாடுகிறவருக்கு ஒரு சுதந்திரம் உண்டு. பாட்டில் வரும் ‘நான்’ யார், ‘நீ’ யார் என்று எவரும் கேட்பதில்லை. ஒரு வரி மங்கலாக இருந்தாலும் குரல் அதைக் கரைசேர்த்துவிடும். நாடக மேடையில் அந்தச் சலுகை கிடையாது. யார் பாடுகிறார், யாரிடம், பாடி முடித்ததும் கதையில் என்ன மாறியது? ஒவ்வொரு பாட்டும் பதில் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்துப் பாடகி அனாயிஸ் மிட்செல் அந்தப் பதிலைத் தேடியது 13 ஆண்டுகள்.

கச்சேரிக்குக் கார் ஓட்டிப் போகையில் சில வரிகள் தோன்றின. இறந்த மனைவி யூரிடிசியை மீட்கப் பாதாளம் சென்ற ஆர்ஃபியஸின் கிரேக்கக் கதை அவற்றுக்குள் இருந்தது. 2006-இல் உள்ளூர்க் கலைஞர்களோடு அதை ‘ஹேட்ஸ்டவுன்’ என்று மேடையேற்றினார். 2010-இல் அது ஆல்பமாக வந்தது. ஆர்ஃபியஸாக ஜஸ்டின் வெர்னனும் பாதாள அரசி பெர்ஸெஃபனியாக ஆனி டிஃபிராங்கோவும் பாடினார்கள்.

பிறகு இயக்குநர் ரேச்சல் சாவ்கினோடு கைகோத்தார். 2016-இல் நியூயார்க், அடுத்த ஆண்டு கனடாவின் எட்மண்டன், 2018-இல் லண்டன். போன இடமெல்லாம் பாடல்கள் மாறின.

சுவர் கட்டுவதைப் பற்றிய பாட்டு ஒன்று தொடக்கத்திலேயே பிறந்துவிட்டது. பாதாள அரசன் ஹேடிஸ் கேட்க, மக்கள் பதில் சொல்லும் பாட்டு அது. கேட்பவரும் சொல்பவரும் உள்ளேயே இருப்பதால், எழுதும்போதே அது நாடகம்தான்.

ஆர்ஃபியஸின் பாட்டுதான் மிட்செலை வாட்டியது. ஹேடிஸின் கல்நெஞ்சைக் கரைக்கும் பாட்டு அது. கதைக்குள் இருக்கும் பாட்டுக்கு அத்தனை ஆற்றல் என்றால், எழுதுகிறவரும் அந்த உயரத்துக்கு எழுதியாக வேண்டுமே! திரும்பத் திரும்ப மாற்றினார். லண்டனுக்குப் பிறகு வரிகளோடு ஆளையே மாற்றினார். தன்னம்பிக்கை மிக்க இளைஞன் வெகுளியான கனவுக்காரன் ஆனான். இதுவே அவருடைய மிகத் துணிச்சலான திருத்தம் என்று தோன்றுகிறது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற நிபந்தனையை மீறி, கடைசி நேரத்தில் அவன் திரும்பிப் பார்த்து யூரிடிசியை இழக்கும்போது, கோபத்துக்குப் பதில் நமக்குத் தொண்டை அடைக்க வேண்டும் அல்லவா?

2019 ஏப்ரல் 17 அன்று நியூயார்க்கின் பிராட்வேயில், வால்டர் கெர் அரங்கில் நாடகம் தொடங்கியது. டோனி நாடக விருதுக்கு 14 பரிந்துரைகள், 8 விருதுகள். சிறந்த இசை நாடகம், சிறந்த பாடலிசை இரண்டும் அவற்றில் உண்டு. அடுத்த ஆண்டு மிட்செல் இதன் பாடல்களைப் புத்தகமாக்கினார். மேடைக்கு வந்த வரிகளோடு, வழியில் கைவிட்ட வரிகளும் அதில் அச்சாகியிருக்கின்றன.