எங்கள் ஆயா

செட்டிநாட்டு வீடுகளில் அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா, அம்மாவைப் பெற்றவர் ஆயா. "ஆயா வீட்டுக்குப் போறோம்" என்றால் பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு என்று அர்த்தம். காரைக்குடிப் பக்கம் வளர்ந்த எனக்கு அதைவிட நெருக்கமான அழைப்பு கிடையாது. இதே உறவு நெல்லையில் ஆச்சி, தஞ்சை, திருச்சிப் பக்கம் அம்மாயி, கொங்கில் அம்மிச்சி, யாழ்ப்பாணத்தில் அம்மம்மா.

கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். ஒருமுறை என் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவர அம்மா போயிருந்தார். "எங்க ஆயா வந்திருக்காங்க!" என்று மகள் குதித்திருக்கிறாள். வாசலில் இருந்த காவலாளி, வேலைக்கு இருக்கும் பெண்கள் காத்திருக்கும் ஓரத்தைக் காட்டி, அம்மாவை அங்கே போய் நிற்கச் சொல்லிவிட்டார். பாட்டியை ஆயா என்று கூப்பிடும் குடும்பங்கள் சென்னையிலும் உண்டு. ஆனாலும் பள்ளிக்கூட வாசலில் ஆயா என்றால் வேலை பார்ப்பவர்தான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இனி பாட்டி என்றே கூப்பிடச் சொல்லலாமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பிள்ளைய வளக்கிறவ எல்லாம் ஆயாதான். அதுல என்ன கொறச்சல்? அவுகதான் நகந்து எனக்கு உக்கார எடம் குடுத்தாக" என்றார்.

இந்த இரண்டு ஆயாவும் வேர் வேறான சொற்கள் என்று பிறகு படித்தேன். எங்கள் ஆயா, தாயைக் குறிக்கும் 'ஆய்' என்ற பழைய தமிழ்ச் சொல்லோடு சேர்ந்தது. பிள்ளை பார்க்கும் ஆயா, போர்ச்சுக்கீசியரிடமிருந்து ஆங்கிலேயர் வீடுகளுக்குப் போய், அங்கிருந்து நம் பள்ளிகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் வந்த சொல். இதைச் சொல்லி அம்மாவைத் தனியே பிரித்துக் காட்டியிருக்கலாம். ஆனால் அப்படிப் பிரித்தால், அவருக்கு இடம் கொடுத்த பெண்கள் ஒரு படி கீழே என்று நானும் ஒத்துக்கொண்டதாகிவிடும்.

மகள் இன்றும் ஆயா என்றே கூப்பிடுகிறாள். வகுப்பு ஆசிரியையிடம் உறவைச் சொல்லிவைத்தேன். பள்ளியில் தனக்குக் கை கழுவிவிடுபவரை ஆயாம்மா என்றும், 'வாங்க, போங்க' என்றும் மரியாதையோடு பேச அவளைப் பழக்கினேன்.

நகரத்துக்கு வந்ததும் வீட்டு அழைப்புகளைச் சங்கடத்தோடு மாற்றிக்கொள்ளும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்: மாற்றாதீர்கள். அந்தச் சொல்லை ஏளனமாகக் கேட்கும் காதுகள்தான் மாற வேண்டும். அந்தத் திருத்தத்தை நம் பிள்ளைகளிடமிருந்து தொடங்கலாம்.