ஒரிஜினலில் மட்டும் இருப்பது

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் பூனாகலையில் கம்யூனிகேஷன் கடை என்றால் போட்டோகொப்பி, ரீலோட், அடையாள அட்டைக்குப் படம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் டைப்பிங் வேலை எல்லாம் ஒரே மேசையில் நடக்கும். அந்த மேசையின் ஓரத்தில் பல வருஷம் கேம் டிஸ்க்கும் அடுக்கியிருந்தது. ஜிடிஏ வைஸ் சிட்டியும் சான் ஆன்ட்ரியாஸும் இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் லயத்துக்கு லயம் போனது அப்படித்தான். ஒரிஜினல் பெட்டியைப் பார்க்கவேண்டுமானால் கொழும்புக்குப் போகவேண்டும்.

மலிவு என்பதால்தான் கொப்பி விற்கிறது என்று எல்லோரும் சொல்வார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் நின்றவனுக்குத் தெரியும், அது பாதிதான் உண்மை. பண்டாரவளையில் எங்களைவிட மலிவாகக் கொடுத்தார்கள். இருந்தும் பொடியன்கள் எங்களிடம் வந்தார்கள். டிஸ்க்கோடு நாங்கள் வேறு சிலதும் கொடுத்தோம். முதலில் எங்கள் மெஷினில் ஏற்றி ஓட்டிப் பார்ப்போம். எழுதும்போது வேகத்தைக் குறைத்து எழுதுவோம். அவசரத்தில் எழுதின டிஸ்க் பழைய டிரைவில் பாதியில் நின்றுவிடும். பிறகு ஒரு துண்டுத் தாளில் தமிழில் எழுதி உறைக்குள் வைப்போம்: எதை முதலில் இன்ஸ்டோல் பண்ணுவது, திரை கறுப்பாகவே நின்றால் எந்த செட்டிங்கைக் குறைப்பது, முதல் மிஷனில் எங்கே போகச் சொல்கிறார்கள் என்றெல்லாம். ஓடாவிட்டால் அடுத்த நாள் கொண்டுவந்து மாற்றிக்கொள்ளலாம். அந்தத் துண்டுத் தாளுக்காகவே கொஸ்லாந்தைப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர்கள் உண்டு.

கேமைச் செய்தவர்கள் எங்கோ இருந்தார்கள். அவர்கள் சரக்குக்குத் தமிழில் விளக்கம் எழுதி, ஓடுகிறதா என்று பார்த்துக் கையில் கொடுத்தது கொப்பிக் கடை. காசும் அந்தக் கடையோடு நின்றது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரலுக்கும் பாதுகாப்பு தருகிறது. சட்டம் வேண்டும்தான். ஆனால் வாங்க வருகிறவனை ஒரிஜினல் பக்கம் திருப்ப அது மட்டும் போதாது.

திருப்பிக் காட்டியவர்கள் போலந்துக்காரர்கள். அங்கே கணினி நிரலைக் காக்கும் பதிப்புரிமைச் சட்டமே 1994இல்தான் வந்தது. அதுவரை வார்சா சந்தையில் கொப்பி டிஸ்க் வெளிப்படையாகக் கைமாறியது. அந்தச் சந்தைக் கூட்டத்தில் பள்ளிக்கூடப் பையனாக நின்று பழகிய மார்சின் இவின்ஸ்கி, அதே 1994இல் நண்பர் மிஹாவ் கிச்சின்ஸ்கியோடு சேர்ந்து சிடி புரொஜெக்ட் என்ற கம்பெனியைத் தொடங்கினார். 1999இல் போல்டர்ஸ் கேட் என்ற கேமை அங்கே வெளியிடும்போது பெயர்பெற்ற நடிகர்களைக் கூப்பிட்டுப் பாத்திரங்களைப் போலிஷில் பேசவைத்தார்கள். பெட்டிக்குள் ஐந்து டிஸ்க். கூடவே பழைய தோல் சுவடியைப் போன்ற தாளில் அச்சிட்ட வரைபடம், விதிகளைச் சொல்லும் புத்தகம், ஓர் இசை சிடி. முதல் நாளிலேயே 18,000 பெட்டி போனது.

போட்டோகொப்பி மெஷின் வைத்திருக்கிறவனுக்கு இதில் ஒரு பாதி உடனே விளங்கும். டிஸ்க்கைக் கொப்பி எடுத்தால் ஒரு புள்ளிகூட மாறாமல் அப்படியே வரும். தடித்த தாளில் அச்சிட்ட வரைபடத்தை என் மெஷினில் வைத்தால், மடிப்புக் கோடுகள் கறுத்து, ஓரம் வெட்டுப்பட்டு, மெல்லிய ஏ4 தாளாக வெளியே வரும். அதைச் சுவரில் ஒட்ட யாருக்கும் மனசு வராது. ஆனால் அந்தப் பெட்டியில் எனக்குப் பெரிதாகப் படுவது குரல்தான். குரலைக் கொப்பி எடுத்துவிடலாம்; அப்படியிருந்தும் அதற்காக ஆட்கள் காசு கொடுத்தார்கள். தங்கள் பாஷைக்காக ஒரு கம்பெனி செலவு பண்ணியிருக்கிறது என்பது வாங்கினவர்களுக்குத் தெரிந்தது. எங்கள் துண்டுத் தாள் செய்த வேலையை அங்கே விற்பனை உரிமை வாங்கினவர்களே, அதைவிடப் பெரிதாகச் செய்துவிட்டார்கள்.

சிடி புரொஜெக்ட்காரர்கள் தாங்களே செய்த விச்சர் 3 கேம் 2015இல் வெளிவந்தபோதும் அந்தக் கைப்பழக்கம் விடவில்லை. சாதாரண விலைப் பெட்டியிலேயே வரைபடம், இசை சிடி, ஸ்டிக்கர், வாங்கினவருக்கு நன்றி சொல்லும் கடிதம் எல்லாம் வைத்தார்கள். பிறகு 16 சிறு சேர்க்கைகளை இலவசமாகக் கொடுத்தார்கள். அப்போது அவர்களுக்குச் சொந்தமாக இருந்த, கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில் வாங்கினால், கொப்பி எடுப்பதைத் தடுக்கும் பூட்டே கிடையாது.

பூட்டைப் பற்றித் தோட்டத்துக்காரன் சொல்லவேண்டியது ஒன்று உண்டு. கொழும்பில் ஹோட்டல் வேலை செய்து சேர்த்த காசில் ஒரு தம்பி ஒரிஜினல் கேம் வாங்கினான். ஒவ்வொரு முறையும் நெட்டில் லொகின் பண்ணினால்தான் அது திறக்கும். லயத்தில் சிக்னல் கிடையாது. மூடுபனி இறங்கும் முன்பு லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு ரோட்டு வளைவுக்குப் போய்த் திறந்துகொண்டு வருவான். பக்கத்து வீட்டுக் கொப்பிக்கு அந்தச் சிரமம் ஒன்றுமில்லை. 2013இல், நெட் இல்லாமல் ஓடாத சிம்சிட்டி கேம் வந்த நாட்களில் சேர்வர் தாங்காமல், காசு கொடுத்தவர்கள் உலகம் முழுக்க வாசலிலேயே நின்றார்கள். காசு கொடுத்தவனுக்குக் கொப்பிக்காரனைவிடக் குறைவாகக் கொடுத்துவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

விலையையும் தள்ளிவைக்க முடியாது. கேம் விற்கும் ஸ்டீம் தளத்தில் எங்களுக்கு இலங்கை ரூபாயில் விலை இல்லை, டொலர்தான். 2022இல் 200 ரூபாயாக இருந்த டொலர் 360 வரை ஏறியபோது, 60 டொலர் கேம் 12,000 ரூபாயிலிருந்து 21,000 ரூபாயைத் தாண்டியது. தோட்டத்தில் நாட்சம்பளம் அப்போது 1,000 ரூபாய். மூன்று வாரக் கொழுந்துக்கு ஈடாக எந்த வரைபடத்தையும் வைக்க முடியாது.

இப்போது டிஸ்க் கேட்டு யாரும் வருவதில்லை. போனில் விளையாடும் ஃப்ரீ ஃபயர் கேமுக்குள் செலவழிக்கும் டைமன்ட் போடத்தான் வருகிறார்கள். கேம் இலவசம், காசு கொடுத்து வாங்கும் உடுப்பும் துப்பாக்கி அலங்காரமும் கம்பெனியின் சேர்வரில் இருப்பதால் கொப்பி என்ற பேச்சே இல்லை. கள்ளப் பிரதியை ஒழிக்கும் வழி இதுதான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒருமுறை வாங்கி முடித்தேன் என்ற நிலை இதில் கிடையாது. "தம்பி, இனிமே இவனுக்கு அந்த டைமன்ட போட்டுக் குடுத்துறாதீங்க" என்று மலையிலிருந்து இறங்கி வந்து சொன்ன அம்மாவிடம், இது ஒரிஜினலோடு கிடைக்கும் கூடுதல் பெறுமதி என்று நான் எந்த வாயால் சொல்வது?

கேம் செய்யப் படித்துவிட்டு வந்திருக்கும் இந்தத் தோட்டத்துப் பொடியன் ஒருவன், மாசியில் இங்கே ஆடும் ரதி மன்மதன் கதையான காமன் கூத்தை வைத்துச் சின்னதாக ஒன்று செய்துகொண்டிருக்கிறான். "அண்ணே, கொப்பி எடுக்காம இருக்க என்ன லொக் போடலாம்?" என்று கேட்டான். லொக் வேண்டாம் என்றேன். ரதிக்கும் மன்மதனுக்கும் கூத்தாடுகிறவர்களையே கூப்பிட்டுப் பேசவைக்கச் சொன்னேன். தப்பு மேளத்தையும் இங்கேயே அடித்துப் பதியவேண்டும். பாடினவர், அடித்தவர் பெயரெல்லாம் திரையில் வரவேண்டும். நெட் இல்லாமல் பென் டிரைவிலிருந்து முழுவதும் ஏறவேண்டும். வாங்கினவருக்கு அடுத்த மாசி மாதம் புதுக் கட்டம் ஒன்று இலவசம். கூத்துப் பாட்டுகளை அச்சிட்டு ஒரு சிறு புத்தகமும் கூட வைக்கலாம். அதைப் பண்டாரவளை அச்சகத்தில் அடித்தால் என்ன செலவு வரும் என்று விசாரித்தும் வைத்திருக்கிறேன். ஏற்றி, ஓட்டிப் பார்த்துக் கொடுக்கும் வேலையைக் கடை பார்த்துக்கொள்ளும். ஒன்று விற்றால் அவனுக்கு எவ்வளவு, கூத்துக்காரர்களுக்கு எவ்வளவு, கடைக்கு எவ்வளவு என்பதில்தான் இன்னும் பேச்சு முடியவில்லை.