வீட்டு மொழியும் போர் மொழியும்

போருக்கு ஆயத்தமாகின்றவன் என்றதும் துப்பாக்கியும் சீருடையுமே நம் கண்முன் தோன்றுகின்றன. சொல்லையே படைக்கலமாகக் கொண்டு போருக்குச் செல்வோரும் உளர் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. துண்டறிக்கை, வானொலி, ஒலிபெருக்கி, இந்நாளில் கைப்பேசித் திரை ஆகியவற்றின் வழியே எதிரியின் மனத்தையும் அவனைச் சூழ்ந்த மக்களின் மனத்தையும் திருப்ப முயலும் கலைக்கு உளவியல் நடவடிக்கை என்று பெயர். சொல்லை நம்பிப் பிழைக்கும் ஆசிரியர்களாகிய நமக்கு இக்கலை முற்றிலும் அயலானதன்று.

என் தமக்கை மகள் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் வாழ்கின்றாள். அவள் கணவர் அந்நாட்டுத் தரைப்படை வீரர். அவர்கள் குடியிருக்கும் ஊரை அடுத்துள்ள போர்ட் பிராக் படைத்தளத்தில்தான் 1952ஆம் ஆண்டில் அந்நாட்டின் உளவியல் போர்முறை மையம் நிறுவப்பெற்றது. இப்போது அத்துறைப் பயிற்சிக்குரிய தேர்வுக்கு அவர் தம்மை ஆயத்தம் செய்துவருகின்றார். தேர்வில் வென்றால் பல மாதப் பயிற்சி. அதனுள் ஓர் அயல்மொழியைக் கற்றாக வேண்டும். வான்குடையில் குதிக்கவும் பழக வேண்டும். அத்துறையினரின் சின்னத்தில் சதுரங்கக் குதிரை இருக்கின்றது. நேர்வழியில் செல்லாமல், பிற காய்களைத் தாண்டிப் பாயும் காய் அது! சின்னத்தைத் தேர்ந்தவர் நன்கு சிந்தித்தே தேர்ந்திருக்கின்றார்.

விடியுமுன் எழுந்து, கனத்த மூட்டையை முதுகில் சுமந்து, கல் கணக்கில் நடந்து வருகின்றாராம். அவருடைய ஆறு வயது மகள் ஒருநாள் அம்மூட்டைக்குள் தன் துணிப்பொம்மையைத் திணித்துவிட்டாள். அன்று முதல் பொம்மையும் நடைக்குச் செல்கின்றது. மாலையில் நூல்கள், இரவில் மொழிப்பயிற்சி. இவற்றுக்கிடையே வாடகை, வங்கிக் கணக்கு, ஊர்தியின் பழுது, பிள்ளையின் பள்ளி என ஒவ்வொன்றாய் மனைவியின் கைக்கு மாறுகின்றன. கணவர் இல்லாதபோது கையொப்பமிடும் அதிகாரப் பத்திரமும் எழுதியாயிற்று. பயிற்சிக்கு ஆயத்தமாகின்றவர் ஒருவர்தாம் என்று படைப் பதிவேடு கூறலாம். என் கணக்கில் அவ்வீட்டில் மூவர்.

ஒருநாள் அவர் தொலைபேசியில் அழைத்து, "மாமா, மலாயாவில் அவசரகாலத்தின்போது நடந்த உளப்போரைப் பற்றி இங்கே படிக்கின்றேன். தாத்தா தோட்டத்தில் கண்டதைச் சொல்லுங்கள்" என்று கேட்டார். எங்கோ ஓர் அயல்நாட்டுப் படைவீரருக்கு நம் தோட்டப்புறம் பாடநூலாயிருப்பது எனக்கு வியப்பளித்தது.

அவசரகாலம் 1948 ஜூன் முதல் 1960 ஜூலை வரை நீடித்தது. பி.பி.சி.யின் ஜெர்மன் ஒலிபரப்பை நடத்தியிருந்த ஹியூ கார்ல்டன் கிரீன் 1950இல் இங்கு வந்து தகவல் பணியை ஒழுங்குபடுத்தினார். அவருக்குப் பின், கோலாலம்பூரில் பிறந்த சி.சி. டூ இக்கலையில் பெரும்புகழ் பெற்றார். காட்டுக்குள் கோடிக்கணக்கில் துண்டறிக்கைகள் விழுந்தன. சரணடைந்தவர்களின் நிழற்படங்கள் அவற்றில் இருந்தன: உண்டு தேறிய முகம், சிரித்த வாய். காட்டில் பசித்திருக்கும் தோழனுக்கு அவர்களே விடுத்த அழைப்பும் இருந்தது. பாதுகாப்புச் சீட்டுகளும் வீசப்பட்டன. அச்சீட்டை ஏந்தி வந்தவனுக்குத் தந்த வாக்கு ஒருமுறை பொய்த்திருந்தால், அடுத்த சீட்டு வெறுங்காகிதம். ஆகவே பொய்யை விலக்குவதே அவர்களின் கொள்கையாயிருந்தது. அறத்தால் விலக்கினரோ, பயன் கருதி விலக்கினரோ, அதனை நான் ஆராயப் புகவில்லை.

என் தந்தையார் அப்போது பேராக்கில் ஒரு ரப்பர்த் தோட்டத்துச் சிறுவர். இலயத்தைச் சுற்றி முள்வேலி, வெளிவாயிலில் சோதனை. பால்மரம் சீவச் செல்வோர் சோற்றுப் பொட்டலம் கொண்டுசெல்லவும் தடை, காட்டிலுள்ளோருக்கு அது போய்ச் சேரும் என்ற ஐயத்தால். ஒரு பிற்பகல் தாழப் பறந்த விமானத்திலிருந்து குரல் ஒன்று எழுந்ததாம். சீனமொழியாதலால் தந்தையாருக்குப் பொருள் புரியவில்லை. யாரோ ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்கின்றார்கள் என்பது மட்டும் விளங்கியது. வேலியோரத்தில் காய்கறி பயிரிட்டிருந்த சீன மூதாட்டி ஒருவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, விமானம் மறையும்வரை அண்ணாந்து நின்றார். பிறகு மீண்டும் கொத்தலானார். அவருக்கும் அப்பெயருக்கும் என்ன உறவு என்று எவரும் கேட்கவில்லை. கேட்கும் காலமும் அதுவன்று.

இதனை நான் சொல்லி முடித்தபோது மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

உளப்போர் குறிவைப்பது வீட்டைத்தான். தாயின் நினைவு, மனைவியின் ஏக்கம், பிள்ளையின் முகம் ஆகியவையே அதன் வெடிமருந்து. வீடென்று ஒன்று இல்லாதவனிடம் அது தோற்றுப்போகும். இன்னொன்றையும் அவரிடம் சொன்னேன். சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியால் ஆசிரியர் உலகம் நன்கறிந்த தஞ்சோங் மாலிமில், 1952இல் ஒரு பதுங்கித் தாக்குதலுக்குப்பின், ஜெனரல் டெம்ப்ளர் 22 மணிநேர ஊரடங்கு விதித்தார்; அரிசிப் பங்கீட்டைக் குறைத்தார்; பிறகு வீடுதோறும் தாள் கொடுத்து, அறிந்ததைப் பெயரிடாமல் எழுதிப் பெட்டியில் இடச் செய்தார். மக்களின் இதயங்களையும் மனங்களையும் வெல்வதைப் பற்றிப் பேசிப் புகழ்பெற்றவரும் அவரே. பசித்த வீட்டில் நீட்டப்படும் தாளில் எழுதப்படுவது மனம் திறந்த சொல்லா, அச்சத்தின் சொல்லா? "இக்கேள்வியையும் உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், தம்பி" என்றேன். எழுதிக்கொண்டார்.

மறுவாரம் தமக்கை மகள் தனியே அழைத்தாள். வாடகையைப் பற்றியோ தனிமையைப் பற்றியோ அவள் முறையிடவில்லை. "பிறர் மனத்தைத் திருப்பப் படித்துவிட்டு வருகின்றவர் என்னிடம் பேசும் பேச்சு, வெறும் பேச்சாகவே இருக்குமா மாமா?" என்று கேட்டாள்.

நான் உடனே விடை கூறவில்லை. ஆசிரியர்களாகிய நமக்கும் இந்நோய் உண்டல்லவா? நம் பயிற்சிக் காலத்தில் ஊக்குவிக்கும் முறை, பாராட்டும் முறை, கேள்வி தொடுக்கும் முறை எனப் பலவும் கற்றோம். அவற்றை மாலையில் சட்டையோடு கழற்றி வைக்கின்றோமா? பிள்ளைகளிடம் நான் நயமாக ஒன்றைக் கேட்கத் தொடங்கினாலே என் மனைவி, "தலைமையாசிரியர் வந்துவிட்டார்" என்பாள். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. மாணவன் எதிர்த்துக் கேட்கலாம். நாளை நம்மைவிட மிகுதியாக அறிந்து நம்மைத் திருத்தலாம். அதற்காகவே கற்பிக்கின்றோம். துண்டறிக்கையை எதிர்த்துக் கேட்க இயலாது. அது மேலிருந்து விழுகின்றது.

அமெரிக்க மக்களை நோக்கி உளவியல் நடவடிக்கை நடத்தலாகாது என்பது அந்நாட்டுப் படையின் விதி. அதனைச் சொல்லி, "அம்மக்களுள் நீயும் ஒருத்தி, விதியை எடுத்துக்காட்டி எதிர்த்துப் பேசு" என்றேன். அவள் சிரித்தாள். ஆனால் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை. நானும் அதனைத் தீர்த்துவிட்டதாக எண்ணவில்லை. கணவரிடமே நேரில் கேட்குமாறு மட்டும் கூறினேன்.

கேட்டிருக்கின்றாள். அதன்பின் அவ்வீட்டில் ஒரு புதுவழக்கம் தொடங்கியுள்ளது. உணவு மேசையில் அரைமணிநேரம் தமிழில் மட்டுமே பேச்சு. ஆங்கிலத்தில் தேர்ந்த அவருக்குத் தமிழ் தடுமாறும்; சொல் கிட்டாமல் விழிப்பார்; மகள் எடுத்துக் கொடுப்பாள். தேர்வு நாள்களில் வீட்டோடு பேச வாய்ப்பிராது என்பதால், பொம்மையோடு வைத்தனுப்பக் கடிதம் ஒன்றை அவள் இப்போதே எழுதத் தொடங்கிவிட்டாள். 'ழ'கரத்தைத் திருப்பி எழுதியிருப்பதாகத் தாய் படமெடுத்து அனுப்பியிருந்தாள். திருத்த வேண்டாமென்று விடை எழுதினேன்.