அக்னி ஊரில் பனி நாய்

திருவண்ணாமலை அக்னித் தலம். பஞ்ச பூதங்களில் நெருப்புக்கான ஊர். ஏப்ரல் பிறந்துவிட்டால் அந்தப் பெயருக்கு யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை. மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடுவது இங்கே சர்வ சாதாரணம். இந்த மாதிரி ஊர்களில்கூட நீலக் கண் சைபீரியன் ஹஸ்கி வளர்க்கும் ஆசை நம் ஆட்களுக்கு வந்துவிட்டது. எல்லாம் சினிமாவும் யூடியூபும் செய்த வேலை.

முதலில் அந்த நாய் எங்கே, எதற்காக இருந்தது என்று பார்த்துவிடலாம்.

1925 ஜனவரி. அலாஸ்காவில் நோம் என்ற சின்ன ஊரில் குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பான் நோய். மருந்து இருந்தது வெகு தொலைவில். கடல் உறைந்துவிட்டதால் கப்பல் கிடையாது, அந்தக் குளிரில் விமானத்தையும் நம்ப முடியாது. ரயில் போகும் இடம்வரை மருந்து ரயிலில் வந்தது. மிச்சம் கிட்டத்தட்ட 1,085 கிலோமீட்டர். சுமார் 20 பேர், 150 நாய்கள், தொடர் ஓட்டம் மாதிரி ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கி, ஐந்தரை நாளில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள். மிக நீளமான, ஆபத்தான பகுதியில் முன்னால் ஓடியது டோகோ என்ற நாய். ஆனால் கடைசிக் கட்டத்தில் ஊருக்குள் நுழைந்தது பால்டோ. அதே வருடம் நியூயார்க்கில் சிலை வைத்தது பால்டோவுக்குத்தான். (கடைசியில் வந்தவருக்கு மாலை விழுவது எல்லா ஊரிலும் உண்டு போல!)

1973 முதல் அதே நோம் ஊருக்கு ஐடிடராட் என்று ஒரு பந்தயம் நடக்கிறது. மார்ச் மாதத்தில், சுமார் 1,600 கிலோமீட்டர். முதல் வருடம் ஜெயித்தவருக்கு 20 நாள் ஆனது, இப்போது ஒன்பது பத்து நாளில் முடித்துவிடுகிறார்கள். பாதம் கிழியாமல் இருக்க நாய்களுக்குத் துணிக் காலணி மாட்டுவார்கள். கடிவாளம் எதுவும் கிடையாது. வாய்ச்சொல்தான். 'ஜீ' என்றால் வலது, 'ஹா' என்றால் இடது. அதைக் கேட்டு மொத்தக் கூட்டத்தையும் திருப்புவது முன்னால் ஓடும் தலைவன் நாய். பனி குறைந்துபோனதால் 2003, 2015, 2017, 2025 ஆகிய வருடங்களில் பந்தயப் பாதையையே வடக்கே ஃபேர்பேங்க்ஸுக்கு மாற்ற வேண்டியதாகிவிட்டது. அங்கேயே அந்த நிலைமை!

அந்த நாயைத்தான் இங்கே மொட்டை மாடி வீட்டில் கட்டிப் போடுகிறோம்.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். ஹஸ்கிக்கு இரண்டு அடுக்கு ரோமம் வேறு. உடம்புச் சூடு 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சரி, ரோமத்தை மழித்துவிடலாம் என்று சிலர் கிளம்புகிறார்கள். அதுவும் தப்பு. அந்த ரோமம்தான் வெயில் நேராகத் தோலில் படாமல் தடுக்கிறது. ஏசி போட்டால்? கரண்ட் போனால் என்ன செய்வது? ஓடப் பிறந்த நாயை நாள் முழுக்க ஒரு அறைக்குள் அடைத்து வைப்பது வளர்ப்பா, சிறையா?

2024இல் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கையில், நம் தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத இனங்கள் என்று ஒரு பட்டியல் இருந்தது. சைபீரியன் ஹஸ்கி, அலாஸ்கன் மாலமூட், செயின்ட் பெர்னார்ட் எல்லாம் அதில் உண்டு. இவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக்கூடாது என்றது அது. பதிலுக்கு ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி என்று நம் இனங்களை வளர்க்கச் சொன்னது. நாய் வியாபாரிகளுக்குக் கோபம் வந்திருக்கும். நாயைக் கேட்டால் கையெழுத்துப் போட்டிருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், வழிகாட்டும் நாய்க்காக அலாஸ்கா வரை போக வேண்டியதே இல்லை. ரமண மகரிஷி 1916 முதல் 1922 வரை மலைமேல் ஸ்கந்தாசிரமத்தில் இருந்தார். அங்கே கமலா என்று ஒரு நாய். குட்டியாக வந்தபோது வேண்டாம் என்று துரத்தியும் போகவில்லை. வெளியூர்க்காரர் யாராவது வந்தால், இவரைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டு என்று ரமணர் அதனிடம் சொல்வாராம். அதுவும் மலையைச் சுற்றியுள்ள கோயில், குளம், மண்டபம் ஒன்றையும் விடாமல் காட்டிவிட்டுத் திரும்புமாம். ஜீயும் இல்லை, ஹாவும் இல்லை! ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவின் சமாதியோடு, ஜாக்கி என்ற நாய்க்கும் ஒரு சமாதி இருக்கிறது. ஆசிரமத்துக்குப் போகிறவர்கள் இன்றும் பார்க்கலாம்.

பௌர்ணமி ராத்திரியில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடந்தவர்களுக்குத் தெரியும். ஏதோ ஒரு தெரு நாய், யார் கூப்பிட்டும் வராமல் தானாகவே கூட்டத்தோடு சேர்ந்துகொள்ளும். கொஞ்ச தூரம் முன்னால் ஓடும், நின்று திரும்பிப் பார்க்கும், மறுபடி ஓடும். தார் ரோட்டின் பகல் சூடு அந்நேரத்துக்குத் தணிந்திருக்கும். பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்டால் மட்டும் பாதையை மறந்துவிடும்.